சரிசாரின் கைராசி

ஃப்ரிட்ஜைத் திறந்த மனைவி உள்ளே பார்த்தாள். மூடினாள். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடியும் திறந்தாள். தொட்டி அங்கேயேதான் இருந்தது.

"என்னங்க, காய்கறித் தட்டுல காடு முளைச்சிருக்கு."

"காடு இல்ல, ஆர்கிட். கதவைச் சாத்து. அதுக்கு அனல் அடிக்குது."

"எனக்கும்தான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து அனல் அடிக்குது. என்னை ஒரு நாளாவது ஃப்ரிட்ஜுல வெச்சீங்களா?"

அவரே எட்டி ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினார். பம்பு செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில், கொள்முதல் பிரிவில் அவருக்கு வேலை. அங்கே அவருடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்து வெகு காலம் ஆயிற்று. யார் எதைச் சொன்னாலும் "சரி சார்" என்பார். அதனால் அவர் பெயரே சரிசார். வீட்டில் அந்த வார்த்தையை ஒரு முறைகூடக் காதால் கேட்டதில்லை என்பது மனைவியின் நெடுநாள் புகார்.

"மேனேஜர் குடுத்தாரு. அவரும் அவர் வீட்டம்மாவும் ஒரு மாசம் மக வீட்டுக்குப் போறாங்க. அதுவரைக்கும் செடி என் பொறுப்பு."

மனைவி இடுப்பில் கை வைத்தாள். "செடியை. உங்ககிட்ட. நம்பி."

"ஏன், குடுக்கக் கூடாதா?"

"பாலைவனத்துல தண்ணியே இல்லாம நிக்கற ஜென்மம் கள்ளிச்செடி. அதுவே உங்ககிட்ட வந்து செத்துப் போச்சே!"

வாஸ்தவம்தான். அலுவலகத்தை அழகு செய்கிறோம் என்று ஒரு வருடம் முன்பு மேஜைக்கு ஒரு செடி கொடுத்தார்கள். மற்றவர்கள் மேஜையில் கொடி சுவரேறி ஃபேனைத் தொடப் போனது. சரிசாரின் மேஜையில் மட்டும் வைத்ததெல்லாம் மண்ணோடு மண்ணாயிற்று. இதில் ராசியும் இல்லை, மர்மமும் இல்லை. டீயைக் கடைசிவரை குடிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. மிச்சத்தைக் கொட்ட வாஷ்பேசின் வரை நடக்க வேண்டும். தொட்டியோ கைக்கெட்டும் தூரத்தில். செடிக்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டாமா என்பது அவர் கட்சி. கள்ளியைக் குப்பைக்கூடைக்கு எடுத்துப் போன அன்று மேனேஜரே எழுந்து வந்து, தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்.

அந்த நல்ல மனிதர்தான் இன்று காலை அறைக்கு அழைத்து இந்தத் தொட்டியை நீட்டினார்.

மேனேஜரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மண்டை பிளக்கும் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். அலுவலகத்து ஏசிகளின் ரிமோட் அவருடைய இழுப்பறையில் பூட்டிக் கிடக்கும். "குளிரு மனுஷனுக்கு ஆகாது" என்பார். ஊழியர்கள் கோப்புகளால் விசிறிக்கொண்டு, வெளிநாட்டில் படித்தவர், ஸ்டைல் என்று தங்களைத் தேற்றிக்கொண்டார்கள்.

"என் வொய்ஃபோட உயிரு இது. மேகத்துக்குள்ள, மலை உச்சியில வளர்ற செடி. யார்கிட்ட விட்டுட்டுப் போறதுன்னு ரொம்ப யோசிச்சேன். உங்க முகம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு."

"சரி சார்." சரிசார் தொட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப மெனக்கெடாதீங்க. புதுசா எதையும் கத்துக்கவும் வேணாம். நீங்க வழக்கமா ஒரு செடியை எப்படிப் பாத்துப்பீங்களோ, அப்படியே பாத்துக்குங்க. அது போதும்."

"சரி சார்."

"வந்ததும் அந்தப் பிரிவுத் தலைவர் விஷயத்தை முடிச்சுடுவோம். என்ன?"

இந்த முறை சரி சார் இரண்டு தடவை வந்தது. பிரிவுத் தலைவர் நாற்காலி போன வருடமே காலியாகிவிட்டது. சரிசாரும் எதிர் மேஜைக் கண்ணாடிக்காரரும் ஆளுக்கொரு பக்கமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரிசாருக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்ததற்கு ஒரே காரணம் அவருடைய மாமனார். ஓய்வு பெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர். மகள் வீட்டோடு வந்துவிட்டவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், "மாப்பிள்ளை, இன்னும் அதே சீட்தானா?" என்று கேட்பார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவன் போல சரிசார் தலை குனிவார். அதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

செடி பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை. நாக்கு நாக்காக இலைகள். நடுவே குச்சி குச்சியாகத் தண்டுகள், அவற்றில் மூன்று மொட்டுகள். மேனேஜர் மனைவி விமான நிலையத்திலிருந்தே குரல் செய்தி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, பகல்ல இதமா இருக்கணும், ராத்திரி நல்லா குளிரணும். காத்து நகரணும், ஆனா மேல அடிக்கக் கூடாது. வேரு ஈரமா இருக்கணும், ஆனா ஊறிடக் கூடாது. பாத்துக்குங்க தம்பி, குழந்தை மாதிரி."

"குழந்தை மாதிரியா? சம்பந்தி வீட்டம்மா மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

குளிர வேண்டும் என்பது மட்டும் சரிசாருக்குப் புரிந்தது. வீட்டில் குளிர்ச்சிக்கென்றே பிறந்த ஒரே பொருள் ஃப்ரிட்ஜ். ஆகவே அதில் வைத்தார்.

மறுநாள் காலையில் ஒரு மொட்டு தட்டில் உதிர்ந்து கிடந்தது. அதை அவர் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த செய்தி வந்தது. "சொல்ல மறந்துட்டேன் தம்பி. பழம் பக்கத்துல மட்டும் வெச்சுடாதீங்க. பழுக்கற வாடை பட்டாலே மொட்டு கொட்டிடும்."

தொட்டிக்கு இடமும் வலமும் மாமனாரின் ஆப்பிள்கள் காவல் நின்றன.

அன்று மாலை மேனேஜரே அழைத்தார். "எப்படி இருக்கு?"

"அமோகமா இருக்கு சார்!" என்றார் சரிசார், மொட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு.

எதிர்முனையில் நீளமாக ஒரு 'ஓ...' மட்டும் வந்தது. கவலை ஆளைத் தின்கிறது என்று சரிசார் புரிந்துகொண்டார். "பரவாயில்ல. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனாக்கூட நீங்க மனசை விட்டுடாதீங்க" என்றார் மேனேஜர். எவ்வளவு பெரிய மனசு! இந்த மனிதருக்காக உயிரையும் கொடுக்கலாம் என்று தோன்றியது. முதல் கட்டமாக மாமனாரின் அறையைக் கொடுத்தார்.

வீட்டில் ஏசி உள்ள அறை அது ஒன்றுதான். தொட்டியுடன் நுழைந்த மருமகனை மாமனார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யாரு இது?"

"ஒரு மாசம் இங்கதான் இருக்கும் மாமா."

"ரிசர்வேஷன் என்னோடது."

"ஜன்னலோரமா ஒரு ஓரத்துல இருந்துட்டுப் போகட்டும் மாமா. சாப்பாடுகூட வேணாம் அதுக்கு."

சாப்பாடு வேண்டாம்தான். ஆனால் பதினாறு டிகிரி வேண்டும். மாமனார் முதல் நாள் போர்வை கேட்டார். இரண்டாம் நாள் இரண்டு போர்வை, ஒரு குரங்குக் குல்லா. மூன்றாம் நாள் இலை நுனிகள் கருகின. படம் எடுத்து அனுப்பியதும் மேனேஜர் மனைவியிடமிருந்து விம்மலுடன் பதில் வந்தது. "ஏசி காத்து ஈரத்தை உறிஞ்சிடும் தம்பி. சுத்தி ஈரத்துணி கட்டுங்க. அடிக்கடி பனி மாதிரி தண்ணி தெளிங்க."

சரிசார் வீட்டிலிருந்த துண்டு, போர்வை, ஜன்னல் திரை எல்லாவற்றையும் நனைத்துக் கொடி கட்டித் தொங்கவிட்டார். பிறகு தெளிப்பானை எடுத்துக்கொண்டு கண்ணை மூடிப் பனி பொழிந்தார். பனி மாமனாரின் மதியத் தூக்கத்தின் மேலும் பொழிந்தது.

"மாப்பிள்ளை! கூரை ஒழுகுது!"

"இல்ல மாமா, நான்தான்."

மாமனார் எழுந்தார். தலையணையையும் தைல பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். கூடத்துக்குப் போய் சோபாவில் படுத்து, டிவியை உச்ச சத்தத்தில் வைத்தார். அந்த டிவி அதற்குப் பிறகு அணையவே இல்லை.

"ஒரு செடிக்காக எங்கப்பாவை நடுக்கூடத்துல எறக்கி விட்டுட்டீங்க" என்றாள் மனைவி. "போற ஓணானைப் புடிச்சு மடியில கட்டிக்கிட்டு, குத்துதே குடையுதேன்னா யாரு என்ன பண்ண முடியும்?"

"பிரிவுத் தலைவர் ஆயிட்டா உங்கப்பாதான் முதல்ல சந்தோஷப்படுவாரு."

"அதுவரைக்கும் அவருக்கு ஜன்னி வராம இருக்கணும்."

அடுத்த செய்தி தண்ணீரைப் பற்றியது. குழாய்த் தண்ணீர் இந்த ரகத்துக்கு விஷமாம். மழைத் தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் காய்ச்சி வடித்த தண்ணீர். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் வீட்டிலேயே இருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்காக மனைவி ஒரு கேன் வாங்கி வைத்திருந்தாள். சரிசார் அதைத் திறந்தார். செடிக்குத் தெளித்தார், துணிகளுக்குத் தெளித்தார், சுவருக்கும் தெளித்தார். இலை கொஞ்சம் தலை நிமிர்ந்தது. அவரும் தலை நிமிர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.

இன்வெர்ட்டர் ஒரு முறை கீச்சிட்டது. இரண்டு முறை கீச்சிட்டது. பிறகு அடங்கிவிட்டது. பேட்டரி நாக்கு வறண்டு செத்திருந்தது. கூடத்தில் கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவரில் டிவி கறுத்துப் போக, மாமனார் எழுந்து நின்று அபாயச் சங்கிலியை இழுக்க இடம் தேடுபவர் போலச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பேட்டரிக்கு ஊத்தற கேன் எங்க?" என்றாள் மனைவி.

சரிசார் செடியைப் பார்த்தார். மனைவியும் செடியைப் பார்த்தாள். சரிசார் செய்தித்தாளை மடித்துச் செடிக்கு மெதுவாக விசிற ஆரம்பித்தார்.

"பிரசவ வார்டுல ஃபேன் ஓடலைன்னு கெஞ்சினேன், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். அது அவருக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போய் அவளுக்கும் விசிறினார். அவள் செய்தித்தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

கரண்ட் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். தண்டுகள் துவண்டன. சரிசார் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதவிக்காக மட்டும் வந்த தண்ணீர் அல்ல அது. இத்தனை நாள் கூடவே கிடந்ததில் அந்தச் செடியின் மேல் ஒரு பாசம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அலுவலகத்துச் சர்வர் அறை அவர் நினைவுக்கு வந்தது. மேனேஜரின் ஸ்வெட்டர் சட்டத்துக்கு உட்படாத ஒரே இடம். கம்ப்யூட்டர்களுக்காக எந்நேரமும் ஏசி ஓடும்.

திங்கள் காலை ஈரத்துண்டில் சுற்றிய தொட்டியைச் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப் போனார். சர்வர் அறைக்கு ஏகபோக ராணி பாஸ்வேர்ட் மேடம். எட்டு எழுத்து, அதில் ஒரு எண், ஒரு குறி என்று நாள் முழுவதும் எல்லோர் உயிரையும் எடுப்பதால் அந்தப் பெயர். அவர் டிபன் சாப்பிடப் போன சமயம் பார்த்து சரிசார் உள்ளே நுழைந்து, சர்வர் அலமாரிக்குப் பின்னால் தொட்டியை வைத்தார். சுற்றிலும் ஈரத்துண்டுகளைத் தொங்கவிட்டார். கொஞ்சம் பனியும் பொழிந்துவிட்டு வந்தார்.

அரை மணி நேரத்தில் ஆலை சங்கு போல ஒரு அலறல் கேட்டது. கட்டடத்தில் இருந்த அத்தனை கம்ப்யூட்டரும் ஒரே மூச்சில் அணைந்தன. பில் அடிக்க முடியவில்லை. லாரிகள் வாசலில் நின்றன.

பாஸ்வேர்ட் மேடம் சொட்டச் சொட்ட ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "இது யாரோட துண்டு?"

"செடியோடது மேடம்" என்றார் சரிசார்.

துணை மேனேஜர் பாய்ந்து வந்தார். "கம்பெனியையே படுக்க வெச்சுட்டு நிக்கிறீங்க! உங்களை சஸ்பெண்ட் பண்றேனா இல்லையா பாருங்க! சர்வர் ரூம்ல செடி வளக்கறீங்களா? எவன் செடிய்யா அது?"

"மேனேஜர் சார் செடி."

துணை மேனேஜர் திறந்த வாயை மூடினார். சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். "மொதல்லயே சொல்லக் கூடாதா? பாவம், தனியா உள்ள வெச்சிருக்கீங்களே!"

செடி வெளியே வந்தது. இரண்டாவது மொட்டு கலவரத்தில் காணாமல் போயிருந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. எல்லோரும் சுற்றி நின்று அதைத் துக்கத்தோடு பார்த்தார்கள்.

"இதுக்குக் குளிரு வேணும்" என்றார் சரிசார்.

"ஏசியைப் போட்டுட வேண்டியதுதான்" என்றார் கண்ணாடிக்காரர், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"ரிமோட் சார் டிராயர்ல பூட்டி இருக்கே."

பாஸ்வேர்ட் மேடம் தன் போனில் ஏசி ரிமோட் ஆப் ஒன்றைத் திறந்து என்னவோ தட்டினார். பல வருடங்களாக ஊமையாகத் தொங்கிய ஏசிகள் ஒவ்வொன்றாகக் கனைத்துக்கொண்டு கண் திறந்தன. குளிர்ந்த காற்று இறங்கியதும் விசிறிக்கொண்டிருந்த கோப்புகள் எல்லாம் மேஜைக்குத் திரும்பின. வயதான தட்டச்சாளர் கண்களை மூடிக்கொண்டார்.

"மேனேஜர் சாருக்காக இதைக்கூடச் செய்யலைன்னா எப்படி?" என்றார் துணை மேனேஜர் உருக்கமாக.

அன்றிலிருந்து செடிக்கு அலுவலகத்தில் பதினெட்டு டிகிரி; அது சரிசார் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. இரவிலும் ஏசி ஓடியது. சரிசார் மேஜையில்தான் இருப்பு என்றாலும் பாஸ்வேர்ட் மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "டீ டம்ளரோட இந்த மேஜைக்கிட்ட நீங்க வரவே கூடாது." சரிசார் டீயையே விட்டுவிட்டார். தண்ணீருக்குக் கண்ணாடிக்காரர் பொறுப்பு. அடுத்த தெரு பேட்டரிக் கடையிலிருந்து தன் வண்டியிலேயே கேன் கொண்டுவந்தார். செடி பிழைத்தால் தன் பெயரும் மேனேஜர் காதுக்குப் போகட்டும் என்பது அவர் கணக்கு. எல்லோரும் பழைய பெட்டிகளைத் துழாவி ஸ்வெட்டர், மஃப்ளர் என்று போட்டுக்கொண்டு சந்தோஷமாக நடுங்கினார்கள்.

மேனேஜர் அழைத்தார். "எப்படி...?"

"பிரமாதமா இருக்கு சார்!"

"நெஜமாவா?" மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "டீ எல்லாம் வழக்கம்போலக் குடிக்கிறீங்கல்ல?"

தன் டீயைப் பற்றிக்கூட இந்த மனிதருக்கு அக்கறை! சரிசார் நெகிழ்ந்துபோனார். "டீயையே விட்டுட்டேன் சார். கவனம் சிதறக் கூடாது பாருங்க."

"விட்டுட்டீங்களா..." மேனேஜரின் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உடம்பு முக்கியம்யா. ஒரு ரெண்டு மடக்காவது..."

மேனேஜர் திரும்பி வருவதற்கு முந்தைய நாள் மொட்டு விரிந்தது. செங்கல் நிறத்தில் சின்னப் பூ. மூன்று இதழ், ஒவ்வொன்றுக்கும் நீளமாக ஒரு வால். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் உயிர் தன் கையில் பிழைத்துப் பூத்திருக்கிறது. சரிசாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படத்தை வீட்டுக்கு அனுப்பினார்.

"நல்லாதான் இருக்கு. மொகத்தைத் தொடச்சுட்டு படம் எடுங்க, நீங்க அழுதது தெரியுது" என்று மனைவியிடமிருந்து பதில் வந்தது. மாமனார் போனை வாங்கிப் பேசினார். "மாப்பிள்ளை, இந்தத் தடவை கன்ஃபர்ம் டிக்கெட்!"

மறுநாள் மேனேஜரும் மனைவியும் விமான நிலையத்திலிருந்து நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். மேனேஜர் அரைக்கைச் சட்டையில் இருந்தார். ஒரு மாத வெயிலில் முகம் தெளிந்து, பத்து வயது குறைந்திருந்தது. துக்க வீட்டுக்குள் நுழைபவர் போல மனைவியின் தோளைத் தாங்கியபடி, "எதுவா இருந்தாலும் மனசைத் தளர விடக் கூடாதும்மா" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினார்.

குளிர் அவர் முகத்தில் அறைந்தது.

"அய்யோ, பூத்திருக்குங்க!" மனைவி ஓடிப்போய்த் தொட்டியின் முன் மண்டியிட்டார். "மூணு வருஷமா நம்ம வீட்ல ஒரு மொட்டுகூட விரியலையே! தம்பி, உங்க கைராசியே கைராசி!"

மேனேஜர் தும்மினார். மறுபடி தும்மினார்.

"பாத்தீங்களா? நம்ம பெட்ரூம்ல ராத்திரி பூரா ஏசியைப் பதினாறுல வெச்சும் பூக்காதது, ஆபீஸ் குளிருல பூத்திருக்கு. இனிமே பகல்ல இங்கயே இருக்கட்டும், இந்தத் தம்பிகிட்ட. ஏசியை யாரும் அணைக்கக் கூடாது. சாயங்காலம் நீங்க வீட்டுக்குக் கொண்டுவந்துடுங்க. ராத்திரி வழக்கம்போல நம்ம கட்டில் பக்கத்துலயே வெச்சுக்கலாம். பாத்துப் பாத்து இன்னும் நாலு வாங்கணும்!"

அலுவலகம் முழுவதும் கைதட்டியது. துணை மேனேஜர் எழுந்து நின்றே தட்டினார்.

மேனேஜரின் கண்கள் கலங்கின. அவர் சரிசாரின் கையைப் பிடித்தார். விரல்கள் ஜில்லென்று இருந்தன. "உங்களை... உங்களை நான் வாழ்நாள்ல மறக்க மாட்டேன்" என்றார். பிறகு, கொஞ்சம் வெயிலில் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கீழே போனார். ஆனந்தக் கண்ணீர் என்று சரிசார் தன் மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜரின் டிரைவர் மேலே வந்தார். ஐயா தன் அறை நாற்காலியில் விட்டுப்போன ஸ்வெட்டரை வாங்கிவரச் சொன்னாராம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரை வெயிலில் நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாராம்.

சரிசார் ஸ்வெட்டரை எடுத்து மடித்துக் கொடுத்தார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டே விட்டார். "ஐயா கார்ல என்னைப் பத்தி ஏதாவது பேசினாரா? அந்தப் பிரிவுத் தலைவர் விஷயமா?"

டிரைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். 'கள்ளிச்செடியையே டீ ஊத்திக் கொன்ன ஆளாச்சேன்னு ஆபீஸ் பூரா சலிச்சு இவனைத் தேர்ந்தெடுத்தேன், இப்படி நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டானே'ன்னுதான் ஒரே பொலம்பலா இருக்காரு."